படிக்காமக் குத்தின முத்திரை

அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் கீழ வைங்கப்பா. குப்பைக் கூண்டு எங்கயும் ஓடிடாது, பூட்டை அப்புறம் மாட்டிக்கலாம். வீடு வீடா அறிவிப்பு கொண்டு போற சுத்துப் பலகை அஞ்சு நாளா திரும்பி வரலன்னு தேடுனீங்கல்ல? இதோ, எங்கிட்டதான் இருக்கு. தொலைக்கல. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் கத்துங்க.

கத்தலையா? சரி, அப்ப இது பேச்சு. தெருவே எட்டிப் பாக்கற பேச்சு.

போன மாசம் கூட்டத்துல சங்கத் தலைவரா நீங்க என்ன சொன்னீங்க? அம்பது வீடு இருந்த மிதோரித் தெருச் சங்கம் முப்பத்தொண்ணா சுருங்கிடுச்சு, நம்ம பொண்ணு கனாதே காலேஜுல மார்க்கெட்டிங்தானே படிக்கிறா, ஆள் சேர்க்கற வேலையை அவ பாக்கட்டும்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்த நிமிஷமே தொகாஷி மாமா எழுந்து, சேராதவங்க குப்பை போட முடியாதபடி கூண்டைப் பூட்டிட்டா தானா ஓடி வந்து சேருவாங்கன்னார். அதுக்கும் கை தட்டினாங்க. அதே கைங்கதான்.

பூட்டறது ஆள் சேர்க்கற வழியாப்பா? சாப்பாட்டுக் கடைக்காரன், வாசல்ல கழட்டி விட்ட செருப்பை ஒளிச்சு வெச்சுட்டு, எங்க கடைக்கே தினம் வாங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு.

இலவசத் துண்டு குடுத்தீங்க, சரி. யாருக்கு? ஏற்கெனவே சேர்ந்தவங்களுக்கு! தேனீ பொம்மை போட்ட போஸ்டரை எங்க ஒட்டினீங்க? சங்கக் கட்டடத்துக்கு உள்ள. அந்தத் தேனீக்கே நம்ம தெரு எதுன்னு தெரியாது.

நான் ஹினோதே வாடகை அடுக்ககத்துல ஒவ்வொரு கதவாத் தட்டினேன். ஏன் சேரலன்னு கேட்டேன், அவ்வளவுதான். ஆறாம் நம்பர் ஹதனாகா அக்கா தெரியுமா உங்களுக்கு? தெரியாதுல்ல. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு பெட்டிச் சாப்பாடு கட்டற ஃபேக்டரிக்கு ராத்திரி வேலைக்குப் போறாங்க. இந்தப் பூட்டு விழுந்தா டயாபர் மூட்டையை எங்க கொண்டு போவாங்க? அவங்க என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. ஏழு வருஷமா இங்க இருக்கேன், உங்க சங்கம் வீட்டுச் சொந்தக்காரங்க சங்கம்னு நெனச்சுட்டேன், யாருமே கூப்பிடலியேன்னாங்க.

எப்படிக் கூப்பிடுவோம்? படிச்சுட்டுக் கையெழுத்துக்குப் பதிலா பேர் முத்திரை குத்தி அடுத்த வீட்டுல குடுக்கற பலகை இது. பதினோராவது வீட்டுக்கு அப்புறம் நேரா எதிர் வரிசைக்குப் போயிடுது. நடுவுல ஹினோதேயோட பதினெட்டு கதவு, ஏதோ சாக்கடையைத் தாண்டற மாதிரி தாண்டறோம். வாடகைக்காரங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்கன்னு யாரோ எப்பவோ சொன்னாங்களாம். ஹதனாகா அக்கா ஏழு வருஷமாப் போறாங்க, இன்னும் வாசப்படி தாண்டல!

அதனால பலகையை அங்க விட்டேன். அஞ்சு நாள் அங்கதான் ஒவ்வொரு ரூமா போச்சு. இருங்க, சங்கத்துல இல்லாதவங்க முத்திரை செல்லாதுன்னு சொல்லப் போறீங்க. அவங்க சங்கத்துலதான் இருக்காங்க. தலைவர் முத்திரை விழுந்தா உறுப்பினர்னு நம்ம விதியே சொல்லுதே.

யாரு குத்தினாவா? நீங்கதான். ரெண்டு வாரம் முன்னாடி, புதன்கிழமை. வடிகால் சுத்தம் பண்ற அறிவிப்புக்குக் கீழ நிரப்பின பதினெட்டு விண்ணப்பம் செருகி சாப்பாட்டு மேசையில வெச்சேன். டிவியில பேஸ்பால். டொக்கு டொக்குன்னு குத்தி, மீன் ஆறுது சாப்பிடுன்னு தள்ளி வெச்சீங்க. மத்த முப்பது வீட்டுலயும் அந்த அறிவிப்பைப் படிக்காம அப்படித்தான் குத்தியிருக்காங்க, பாருங்க. தொகாஷி மாமா தலைகீழாவே குத்தியிருக்கார்.

ஏமாத்தலப்பா. உறுப்பினர் விண்ணப்பம்னு இவ்வளவு பெருசா போட்டிருக்கு. அப்பா இது முக்கியம், படிச்சுட்டுக் குத்துங்கன்னு வாயாலயும் சொன்னேன். ம்னீங்க. நான் எது சொன்னாலும் ம்தான். பரிட்சையில பாஸ்னாலும் ம், காய்ச்சல்னாலும் ம். எதிர்த்து ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

ஆக, பூட்டறதுன்னா பூட்டிக்கோங்க. ஆனா கூடப் பதினெட்டு சாவி வெட்டணும். முதல் சாவி ஹதனாகா அக்காவுக்கு.

பதினேழு ரூம்லதான் ஆள் இருக்கா? பரவாயில்லையே, அது மட்டும் தெரிஞ்சிருக்கு. ஆமா, ஒன்பதாம் நம்பர் காலியாத்தான் இருந்துச்சு.

அந்த ஒன்பதாம் நம்பர் தாளை எடுங்க. கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்க. குடும்பப் பேரு சகாகிபரா. ஆமா, நம்ம வாசல் பேர்ப்பலகையில இருக்கற அதே எழுத்துதான். ஞாயித்துக்கிழமை அங்கதான் சாமான் ஏத்தறேன். அம்மாவுக்குத் தெரியும், பழைய ரைஸ் குக்கரைத் தொடச்சு வெச்சிருக்காங்க. உங்ககிட்டயும் அதே புதன்கிழமை சொன்னேனேப்பா. அதுக்கும் ம்னீங்க.

கேக்கவே இல்லன்னு இப்ப சொல்லாதீங்க. முத்திரை நேராத்தான் விழுந்திருக்கு.