மைக்கில் கேட்ட மாப்பிள்ளை

கடலூர் பஸ் மரப்பாலம் தாண்டும்போது, முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“மாப்ள என்னை அசிங்கமாத் திட்டிட்டான் கலா. என்னைத்தான் திட்டுனோம்னு அவனுக்கே தெரியாது.”

நான் காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன்.

“நிச்சயத்தன்னிக்கு அத்தே அத்தேன்னு உங்க கால்ல விழுந்த பையனா, அக்கா?”

“அவனேதான். எம்பொண்ணு போன்ல வேற பேருல அவன் டீம்ல சேந்து துப்பாக்கி கேம் ஆடியிருக்கா. தன் மைக்க அணைச்சுட்டு, அவன் பேசுறத மட்டும் கேட்டுக்கிட்டு இருந்துருக்கா. ஆட்டம் தோத்ததும், உன்னாலதான்டான்னு ஆரம்பிச்சு, அவளப் பெத்தவள இழுத்துப் பேசியிருக்கான். எங்கிட்ட சொல்ல அவளுக்கு வாய் கூசுச்சு. எழுதிக் காட்டுனா.”

“ஐயய்யோ!”

“நாளைக்கே நிச்சயத் தட்டத் திருப்பிக் குடுத்துடப் போறோம்.”

“அவசரப்படாதீங்கக்கா. கேம்ல எல்லாப் பசங்களும் இப்படித்தான் பேசுதுங்க. யாரோ தெரியாத ஆளுன்னு நெனச்சுத்தானே திட்டுனான்?”

தவளக்குப்பம் வந்துவிட்டது. அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“ஏன், அந்தத் தெரியாத ஆளுக்கு அம்மா கெடையாதா?”