ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு

நான் எதையும் கை கழுவிவிட்டுத்தான் தொடுவேன். பட்டுக்குச் சாயம் போடுகிறவன் அப்படித்தான் இருக்க வேண்டும். விரலில் பிசுக்கு இருந்தால் நூலில் திட்டு விழும்; ஒரு சேலையே பாழ்.

ஆரணியில் எங்கள் கிரிக்கெட் கிளப்புக்கு வருஷத்துக்கு ஒரு பந்துதான். வெளுத்துப்போனால் சனிக்கிழமை என் பட்டறையில் மிச்சச் சாயத்தைப் பூசிக் காயவைப்பேன். ஞாயிறு காலை பந்து கூறைப்புடவைபோல் இருக்கும். பச்சையப்பன் அதை நக்குவான்.

எச்சில் தொட்டுத் தேய்க்கிறவர்கள் உண்டு. இவன் நக்குவான். பந்து வீசும் ஒவ்வொரு முறையும், மாங்கொட்டையைச் சூப்புகிற மாதிரி. மண்ணிலும் ஆட்டுப் புழுக்கையிலும் உருண்ட பந்து. பிறகு சிவந்த நாக்கை நீட்டிக் காட்டுவான்.

“இன்னா தனக்கோடி, உன் சாயத்துல உப்பே இல்ல. கொஞ்சம் காரமா போடு.”

எல்லோரும் சிரிப்பார்கள். நான் விக்கெட் கீப்பர். அந்த ஈரம் கிழிந்த கையுறை வழியாக என் விரலுக்கு வரும். ஆறு வருஷம் வந்தது. வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். பந்தை என் கன்னத்தில் தேய்த்துவிட்டு ஓடினான்.

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் அவன் கேட்டபடி போட்டேன். பட்டறை அலமாரியில் பூட்டி வைக்கிற பொடி. வேறு யாரும் பந்தை வாயில் வைப்பதில்லை. அதையும் யோசித்துத்தான் செய்தேன்.

அந்த ஞாயிறு ஐந்து விக்கெட் எடுத்தான். ஐந்துக்கும் கைதட்டினேன்.

சாயந்திரம் அவன் மனைவி அம்மணி பட்டறைக்கு வந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது.

“அண்ணா, வாந்தி எடுத்துகினே கீறாருங்க. செவப்பா வருது. உங்க சாயமா, வேற எதுனாவான்னு தெரியல. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவட்டுமா?”

ஞாயிறானால் அவன் வாய் சிவந்திருப்பதைப் பார்த்துப் பழகியவள்.

“சாயந்தாம்மா. கொப்பளிச்சா போயிடும். மோர் குடு.”

அவள் ஆட்டோவை அனுப்பிவிட்டு நடந்து போனாள்.

விடிவதற்குள் முடிந்துவிட்டது. அவன் வாயைத் துடைக்க எல்லோரும் தயங்கினார்கள். நான்தான் துடைத்தேன். துணியில் வந்தது சாயமில்லை. என் சிவப்பு எனக்குத் தெரியும்.

பிறகு கை கழுவினேனா என்று கேட்கிறீர்கள். இல்லை, சார். அவன் சுத்தமாக இருந்தான்.