கைக்குத் தெரியவில்லை

"ராஜா குதிரை மாதிரி தாவக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்ணே. கைக்குத் தெரியலையே."

பசுமலையில் சதுரங்கப் போட்டியை முடித்துவிட்டு பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். சொன்னவன் இளையவன்.

"நல்லாத்தானப்பா ஆரம்பிச்ச? அந்த சிசிலியன் ஓப்பனிங்க அம்புட்டுப் படிச்சயே."

"ராஜாவை ஓரமா ஒதுக்கிக் கோட்டை கட்ட ஒரு மூவ்தாண்ணே பாக்கி. அதுக்குள்ள அவன் ராணி வெளிய வரவும் பதறிட்டேன். வீட்டுல அம்மாகூட ஆடுறப்ப ராஜா ஒரு தடவை தாவலாம்ல? அதே பழக்கத்துல தூக்கி வச்சிட்டேன்."

"நடுவர் என்ன சொன்னாரு?"

"தாவுனது செல்லாது, ஆனா தொட்ட ராஜாவைத்தான் நகர்த்தணும்னுட்டாரு. நகர்ந்த ராஜாவுக்கு ஏதுண்ணே கோட்டை? நடுக்கட்டத்துலயே வச்சு முடிச்சிட்டான்."

"இதுல ஜெயிச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கிடைக்கும்னியே, அந்த வேலை?"

"போச்சு. அடுத்த வருசம் வயசு தாண்டிரும்."



"அம்மாகிட்ட என்ன சொல்லப் போற?"

"காயை அடுக்கி வச்சுக்கிட்டு காத்திருப்பாங்கண்ணே, ஆடிக் காட்டச் சொல்லி. காட்டுனா, 'ஏண்டா, ராஜாவைத் தாவ விட்டிருக்கலாமே'ம்பாங்க."