உலக உருண்டை இல்லாத பள்ளிக்கூடம்

ஆடுகிற நாற்காலியில் ஆடாமல் அமர்ந்து அவைக்குத் தலைமை தாங்கும் ஆராவமுதன் ஐயா அவர்களே! மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் மாறி, மாறிய இடத்திலெல்லாம் வெயிலில் நின்று, நெற்றித் திருமண் சிறிதும் கலையாமல் அல்சூர் வந்து சேர்ந்த பெரியவரே! பெரிய பள்ளியின் தலைமையாசிரியர் சேஷகிரி அவர்களே! (தாங்கள் இப்போதே ஏன் வியர்க்கிறீர்கள்? நான் இன்னும் தொடங்கவே இல்லையே.) எங்கள் கிணற்றுச் சந்து ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியை அல்போன்சா டீச்சர் அவர்களே! பாயில் அமர்ந்த பெரியோர்களே! பாய் போதாமல் மதில் மேல் அமர்ந்த வாலிபர்களே! பிள்ளையை மடியிலும் கண்ணை என் மீதும் வைத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் ஜட்கா வண்டிக்காரன் தெய்வசிகாமணியின் வணக்கம்.

இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்று சொல்லித்தான் என்னை மேடையில் ஏற்றினார்கள். ஏற்றியது அவர்கள் இஷ்டம். இறங்குவது என் இஷ்டம்.

கூட்டம் எதற்கு? வடை தருவார்கள் என்று எண்ணி வந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பள்ளி தரத்தில் கடைசி என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டார். கடைசியாக இருப்பதை மூடிவிட்டு, பிள்ளைகளை எல்லாம் பெரிய ரோட்டுக்கு அப்பாலுள்ள பெரிய பள்ளியில் சேர்க்கலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்கள். ஊரார் சொல்வதைக் கேட்டு, மூடலாமா கூடாதா என்று சொல்லும் பொறுப்பைத் தலைவர் ஐயாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவர் நாளைக்கு இந்தப் பள்ளி வேண்டாம் என்று சொன்னால், இந்த வாசலுக்குப் பூட்டு. அவ்வளவுதான் சங்கதி. வடை கிடையாது.

நல்ல பள்ளிக்கூடம் எது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரைப் பார்த்தா? சுண்ணாம்பைப் பார்த்தா? சத்தம் போடாத பிள்ளைகளைப் பார்த்தா, சத்தம் போடும் வாத்தியாரைப் பார்த்தா?

இந்த வட்டாரத்துப் பள்ளிகளைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கேளுங்கள்! இன்ஸ்பெக்டரைப் பள்ளி பள்ளியாக ஏற்றிச் சென்ற வண்டி என்னுடையது. அவருக்கு முன்னால் உலகத்தையே பள்ளி பள்ளியாக ஏற்றிச் சென்ற வண்டியும் என்னுடையதே!

"ஒலகத்தையா? என்னா தாத்தா, காத்தாலயே ஊத்திக்கினியா?"

கேட்பது வள்ளியம்மா. வாம்மா. உன்னைத்தான் எதிர்பார்த்தேன். நான் சொல்வது உலக உருண்டை. நீலமும் பச்சையுமாக, ஒரு காலில் நின்று சுற்றுமே, அது. இந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சேஷகிரி சாருடைய பள்ளியில், அலமாரிக்குள், பூட்டுப் போட்டு. உருண்டை இருக்கிறதா, கடிகாரம் இருக்கிறதா, சுவரில் தேசப்படம் தொங்குகிறதா, வாசலில் பூந்தொட்டி நிற்கிறதா என்று பார்த்துத்தானே இன்ஸ்பெக்டர் மதிப்புப் போடுவார்? இல்லாத பள்ளி என்ன செய்யும்? இருக்கிற பள்ளியிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கும். இதில் ஒளிவு மறைவு இல்லை. எல்லா வாத்தியாருக்கும் தெரியும், எல்லாப் பியூனுக்கும் தெரியும், என் குதிரைக்கும் தெரியும். தெரியாதவர் இன்ஸ்பெக்டர் ஒருவர்தான்.

"தாத்தா, சொல்ப சும்மா இருங்கோ. பழங்கதையெல்லாம் இப்ப எதுக்கு?"

சேஷகிரி சார், தாங்கள் தாராள மனத்தோடு கொடுத்தீர்கள். உங்களைப் புகழத்தான் போகிறேன். பொறுமையாக வியர்த்துக்கொண்டிருங்கள்.

எப்படி நடக்கும் அந்த ஊர்வலம்? இன்ஸ்பெக்டர் ஒரு பள்ளியைப் பார்த்து முடித்தவுடன் ஆபீஸ் ரூமில் உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள். அவர் முன்வாசல் பக்கம் காபியை ஆற்றும் நேரத்தில் உலகம் பின்வாசல் வழியாக வெளியேறும்! மடியில் கடிகாரம், காலடியில் குரோட்டன்ஸ் தொட்டி, தோளில் சுருட்டிய தேசப்படம், எல்லாவற்றோடும் பெரிய பள்ளிப் பியூன் ரெமிஜியஸ் என் வண்டியில் ஏறுவான். அடுத்த பள்ளியில் இறக்கிவிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு நான் திரும்பி வந்து இன்ஸ்பெக்டரை ஏற்றிக்கொள்வேன். அடுத்த பள்ளி தூரத்தில் இருந்தால், காபி கொதிக்கக் கொதிக்க வரும். பக்கத்தில் இருந்தால், ஆறிய காபி. பாவம் அந்த மனிதர்! நாக்கைச் சுட்டுக்கொள்வதும் குளிர்ந்த காபியை விழுங்குவதும் எந்தக் கணக்கில் என்று கடைசிவரை அவருக்குப் புரியவே இல்லை.

சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் இருக்கிறது. மார்க்கெட் மேட்டில் ஒரு தடவை வண்டிச் சக்கரம் கல்லில் ஏற, உலகம் ரெமிஜியஸின் கையிலிருந்து தவறி விழுந்தது. ஆப்பிரிக்காவுக்குக் கீழே கடலில் ஒரு குழி! அன்றைக்கு இன்ஸ்பெக்டர் முதல் பள்ளியில் அந்தக் குழியைத் தடவிப் பார்த்தார். இரண்டாவது பள்ளியிலும் தடவினார். மூன்றாவது பள்ளியில் தடவிவிட்டுச் சொன்னார்: "இந்தக் கம்பெனிக்காரன் செய்யறதே சரியில்லை. எல்லா உருண்டையும் இதே இடத்துல அமுங்கியே வருது." சொல்லிவிட்டு அந்தப் பள்ளிக்கும் நல்ல மதிப்புப் போட்டார்.

கடிகாரம்? அது வண்டியில் ஏறினால் நின்றுவிடும். காலையிலும் பத்தேகால், மாலையிலும் பத்தேகால். பத்தேகாலுக்கே எல்லாப் பள்ளியும் பார்த்து முடித்த சுறுசுறுப்பான அதிகாரி இந்த மைசூர் ராஜ்யத்திலேயே அவர் ஒருவர்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கிணற்றுச் சந்துப் பள்ளிக்கு அல்போன்சா டீச்சர் வந்து சேர்ந்தார். போன வருஷம் இன்ஸ்பெக்டர் வரும் நாளன்று வழக்கம்போல வண்டியை வாசலில் நிறுத்தினேன். கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வெளியே வந்தார்.

"என்னங்க இது?"

"உலகம், டீச்சரம்மா. சீக்கிரம் இறக்கணும். காபி ஆறிடும்."

"யாருது?"

"சேஷகிரி சாருது. சாயங்காலம் திருப்பிடணும்."

அவர் உருண்டையைப் பார்த்தார். ஒரு விரலால் மெல்லச் சுற்றினார். ஆசை இல்லாமல் இல்லை, கண்ணில் தெரிந்தது. பிறகு சொன்னார்: "இன்ஸ்பெக்டர் போனப்புறமும் ஒரு மாசம் இங்க இருக்கட்டும். பசங்க தொட்டுப் பாத்து, சுத்திப் பாத்து, நம்ம ஊரு எங்கன்னு தேடிக் கண்டுபிடிக்கட்டும். அப்படின்னா இறக்குங்க. இல்லாட்டி வேணாங்க. பசங்க பாக்காத சாமான நம்ம சாமான்னு எப்படிங்க காட்றது?"

ரெமிஜியஸ் தலையில் அடித்துக்கொண்டான். "டீச்சர், ஊரோட ஒத்துப் போகத் தெரியலையே உங்களுக்கு!" என்றான். நானும் அதையேதான் நினைத்தேன். இந்த அம்மாளுக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்று குதிரையிடம் சொல்லிக்கொண்டே உலகத்தைத் திருப்பி ஓட்டினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். உருண்டை எங்கே? இல்லை. கடிகாரம் எங்கே? இல்லை. தேசப்படம்? இல்லை. பூந்தொட்டி? இல்லை. ஓட்டில் ஓட்டை மட்டும் இருந்தது. இல்லை, இல்லை, இல்லை என்று எழுதி எழுதி அவருடைய பேனாவே களைத்துப்போயிற்று.

ஆனால் இந்த இல்லை இல்லை என்ற பள்ளியில் இருந்தது என்ன என்று கேளுங்கள். ஜன்னலோரம் வண்டியை நிறுத்திக் காதால் கேட்டவன் சொல்கிறேன்.

அந்த இன்ஸ்பெக்டர் போகிற பள்ளியிலெல்லாம் ஒரு கணக்குப் போடுவார். "எட்டும் ஏழும் பதினாறு. அப்படித்தானே?" என்பார். அன்று காலையில் பெரிய பள்ளியில் இதைக் கேட்டார். வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது. கூரை அதிர ஒரே குரலில், "ஆமாம் சார்!" அடுத்த பள்ளியிலும் "ஆமாம் சார்!" அங்கே வாத்தியாரும் சேர்ந்து சொன்னார். எங்கள் பள்ளியிலும் அதே கணக்கைச் சொன்னார். பிள்ளைகள் விரல் மடக்கி எண்ணினார்கள். விரல் மடக்கும் சத்தம் என்று ஒன்று இருந்தால், அது மட்டும் கேட்டிருக்கும். பிறகு மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை எழுந்தது. "இல்ல சார், பதினஞ்சு." இன்ஸ்பெக்டர் கண்ணை உருட்டினார். "நான் சொல்றேன், பதினாறு!" அந்தக் குழந்தை என்ன சொல்லிற்று தெரியுமா? "உங்களுக்கு மறந்துபோச்சு சார். இருங்க, கொட்டை வெச்சுக் காட்றேன்." புளியங்கொட்டையை அவர் பூட்சுக்கு முன்னால் பரப்பி எண்ணத் தொடங்கிவிட்டது!

"அது எம் பொண்ணு! எம் பாமா!"

ஆமாம் வள்ளியம்மா, உன் பாமாதான். கை தட்டுங்கள், தட்டுங்கள்! மதில் மேல் இருப்பவர்கள் மட்டும் பார்த்துத் தட்டுங்கள்.

வண்டியில் ஏறியதும் இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கினார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் பழக்கம். பெரிய பள்ளிக்கு, "ஒழுக்கம் மிக நன்று." எங்கள் பள்ளிக்கு, "பிள்ளைகள் வாயாடிகள்." என் அருமைப் பெரியோர்களே! பதினாறு என்று பாடிய பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், பதினைந்து என்று எண்ணிக் காட்டிய பிள்ளை வாயாடி! இதுதான் மதிப்பு என்றால், அந்த மதிப்பை மதிப்பிட ஒரு ஆள் வேண்டாமா?

நான் சொல்வதை நம்ப வேண்டாம். நான் இந்தப் பள்ளியின் மாணவன், என் பள்ளியை விட்டுக் கொடுக்க மாட்டேன். ஆமாம், மாணவன்தான்! சாயங்காலத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில், அதே பாயில், அதே பலகையோடு உட்காருகிறேன். எழுத்துக் கூட்டப் பழகிய நாள்முதல் என் வண்டி நேராகப் போவதே இல்லை. போர்டு போர்டாக நிற்கிறது. நான் படித்து முடிக்கிறவரை குதிரை நகராது. அதற்கும் ஆசை வந்துவிட்டதோ என்னவோ! "தாத்தா, கன்டோன்மென்ட்ல ரயில் போயிடும்!" என்று சவாரிக்காரர் கத்துவார். "போகட்டும் சாமி, இது சலூனா சைக்கிள் ஷாப்பா என்று பார்த்துவிடுகிறேன்" என்பேன். எழுபது வயசுக் கிழவன் தப்பாக எழுதினால் இந்த டீச்சரம்மா என்ன சொல்வார்? "தப்பு தாத்தா. எங்க தப்புன்னு நீங்களே பாருங்க." அவ்வளவுதான். என் வாழ்நாளில் தப்பு செய்துவிட்டு இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

"அதெல்லாம் செரி தாத்தா. விசயத்த சொல்லு. அந்தப் பெரிய ரோட்டுல மிலிட்டிரி லாரி தலை தெறிக்கப் போவுது. நான் வேலைக்குப் போற நேரம், யாரு புள்ளைய தாண்ட வெச்சு உடறது? இத்த மூடினா பாமா வூட்லதான். தம்பியப் பாத்துக்கும், சோறு ஆக்கும். அவ்ளோதான் அதோட படிப்பு."

கேட்டீர்களா ஐயா? மேடைப்பேச்சு எனக்கு வரும், உண்மை வள்ளியம்மாவுக்கு வரும். பெரிய பள்ளி கெட்ட பள்ளி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தச் சந்தில் பாமாவைப் போல எத்தனை பெண்கள்! வாசலுக்குப் பூட்டுப் போட்டால், இன்ஸ்பெக்டருக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்தக் குழந்தை அடுப்பங்கரையில் யாருக்குச் சொல்லிக்கொடுக்கும்? ஓட்டில் ஓட்டை இருந்தால் ஓடு மாற்றலாமே, பள்ளியை மாற்றுவார்களா? உருண்டை இல்லாவிட்டால் வாங்கித் தரலாமே, இல்லை என்று உண்மை சொன்னதற்குத் தண்டனை தருவார்களா? பொய் சொல்லாத பள்ளி கடைசி, கேள்வி கேட்கும் பிள்ளை கடைசி, எண்ணிப் பார்க்கும் புத்தி கடைசி! அந்தக் கடைசியில் ஓர் இடம் எனக்கும் வேண்டும், எங்களுக்கும் வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும்!

தலைவர் ஐயா அவர்களே! கை கூப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. எழுதியதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். என் பேச்சைக் கேட்டும் சொல்லாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வாருங்கள். பாயில் உட்காருங்கள். எது வேண்டுமானாலும் கேளுங்கள். அதற்குப் பிறகு மூடு என்றால் மூடுகிறோம்.

ஐயா எழுந்திருக்கிறார். அமைதி, அமைதி. என்ன சொல்கிறார் என்று கேட்போம்.

"பேஷா சொன்னீர், தெய்வசிகாமணி. ஆனா எதுக்கு இன்னொரு நாள்? குழந்தைகள் எல்லாம் இங்கேதானே இருக்கா? டீச்சரும் இருக்கா. அம்மா, மணியை அடிக்கச் சொல்லுங்கோ. எல்லாரும் உள்ளே போய் உக்காரட்டும். நானே வந்து கேக்கறேன். சாயங்கால வகுப்புக்காராளும் வரணும். முதல்ல உம்மைத்தான் கேக்கப் போறேன்."

இப்போதேவா! ஐயா, நான் கேட்கச் சொன்னது பாமாவின் வகுப்பை அல்லவா? எனக்கு நேற்றைய பாடமே பாதியில் நிற்கிறதே! டீச்சரம்மா, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? சேஷகிரி சார், தங்கள் வியர்வை நின்றுவிட்டது, எனக்கு ஆரம்பித்துவிட்டது. வள்ளியம்மா, பாமாவை அழைத்துக்கொண்டு நீயும் உள்ளே வா. அது என் பக்கத்தில் உட்காரட்டும். சொல்லித்தர வேண்டாம், கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

பயமில்லை. தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்வேன். அதைத்தான் இந்தப் பள்ளியில் முதலில் படித்தேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பொறுமையில்லாமல் குறுக்கே பேசிய தாய்மார்களுக்கும், எல்லாவற்றுக்கும் தலையசைத்த தலைவருக்கும் என் நன்றி. மணி அடித்துவிட்டது. தாமதமாகப் போனால் டீச்சரம்மா வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார். வழி விடுங்கள், வழி விடுங்கள். வணக்கம்!