குழாயடியில் சொன்ன ஒரு வாக்கியம்

தோல் பட்டறையில் வேலை செய்கிறவனின் கை நாற்றம் சோப்புக்குப் போகாது, ஐயா. நானும் எத்தனையோ சோப்பு மாற்றிப் பார்த்துவிட்டேன். சாயங்காலம் தாராவியிலிருந்து பஸ் பிடித்து, கோட்டைப் பக்கம் பத்திரிகைத் தொழில் டிப்ளமா வகுப்புக்குப் போவேன். இந்த அறுபத்தேழில் எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போகிறவன் நான் ஒருவன்தான்.

சுந்தரராமன் மாதுங்காக்காரன், என் பக்கத்தில் உட்காருவான். நல்ல பையன். என் கையைப் பார்த்து ஒரு தடவைகூட மூக்கைச் சுளித்ததில்லை. கிங்ஸ் சர்க்கிளில் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டே என் கட்டுரைகளில் தப்புகளைச் சுழித்துக் காட்டுவான். அதைப் பொறுத்துக்கொள்வது அத்தனை எளிதில்லை.

ஒரு பத்திரிகை எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒருவனைப் பயிற்சிக்கு எடுப்பதாக இருந்தது. கடைசிக் கட்டுரைதான் தீர்மானிக்கும். எனக்கு வந்த தலைப்பு, வாய்வழிச் செய்தி எப்படிப் பரவுகிறது என்பது. அவனுக்கு வந்தது, வேலைக்குப் போகும் குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு எங்கள் தெருவுக்கு வா, பெப்பர்மிண்ட் கொண்டுவந்தால் பிள்ளைகள் வாயைத் திறப்பார்கள் என்று நான்தான் சொன்னேன். நன்றி சொன்னான்.

ஞாயிறன்று நாலேகாலுக்குக் குழாயடியில் முப்பிடாதி அத்தையிடம் ஒரு வாக்கியம் சொன்னேன். கண்ணாடி போட்ட ஒருத்தன் பெப்பர்மிண்ட் கொடுத்துப் பிள்ளை பிடிக்கிறானாம்.

"யாருல சொன்னா?" என்றாள்.

"கேள்விப்பட்டேன் அத்தை."

கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஏழே நிமிஷத்தில் அது தோல் கிடங்குக்குப் போயிருந்தது. இருபதாவது நிமிஷத்தில் ஒரு பிள்ளையைக் காணவில்லை. நாலே முக்காலுக்கு மூன்று பிள்ளைகள், புதுப் பாலத்துத் தூணுக்குப் பலி. இதெல்லாம் நான் சொன்னதில்லை, அவர்களே சேர்த்துக்கொண்டது. வகுப்பில் படித்தது அப்படியே கண் முன்னால் நடந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

சுந்தரராமன் நேரத்துக்கு வந்தான். ஒரு பெண்பிள்ளைக்குப் பெப்பர்மிண்ட் நீட்டினான். முதலில் விழுந்தது செங்கல். கண்ணாடி உடைந்து கண்ணில் ஏறியது. பிறகு கட்டை, உலக்கை, இரும்புக் குழாய். எப்படியோ எழுந்து நாலடி ஓடியவன் என்னைப் பார்த்துவிட்டான்.

"பூதத்தான், இவாகிட்டச் சொல்லேண்டா, நான் உன் ஃப்ரெண்டுன்னு."

கூட்டம் நின்றது. உண்மையாகவே நின்றது, ஐயா. அத்தை கையில் உலக்கையோடு என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, ஒனக்குத் தெரிஞ்ச ஆளால இவன்?"

செய்தி சேகரிக்கிறவன் நிகழ்ச்சிக்குள் தலையிடக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம்.

"தெரியாது அத்தை" என்றேன்.

அதன் பிறகு ஆறு நிமிஷம் ஆனது. கடைசி இரண்டு நிமிஷமும் அவனிடம் அசைவில்லை, அடி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. முகம் இருந்த இடத்தை என்னால் விவரிக்க முடியும். கட்டுரைக்குத் தேவைப்படாததால் விட்டுவிட்டேன்.

அத்தையையும் இன்னும் ஒன்பது பேரையும் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர்கள் பிள்ளை குட்டிக்காரர்கள், பயந்துபோய் அடித்தார்கள். சுந்தரராமனைக் கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். கட்டுரை என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, நாளைக்குக் கடைசி நாள். யாரிடமாவது கொடுத்துச் சேர்த்துவிடச் சொல்லுங்கள். அந்த இடத்துக்கு இப்போது என்னைவிடத் தகுதியானவன் வகுப்பில் யாருமில்லை.