மண்ணில் நின்ற மருந்து

புகையிலைக் கஷாயத்துக்கு ஒரே ஒரு குறைதான், சார். நிற்காது. ஊற்றி நாலு நாள் வெயிலடித்தால் வீரியம் போய்விடும். திராட்சை வேரில் மறுபடி புழு ஏறிவிடும்.

சின்னமனூர்ப் பக்கம் எல்லோரும் கடை மருந்துதான் அடித்தார்கள். நாங்களும் அடித்தோம். என் மனைவி மாயக்காள் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று அடிப்பாள். பாதி அவள் முகத்திலேயே விழும். மூன்றாம் வருடம் மூச்சு முட்டிச் செத்தாள். அதன்பிறகு அந்த மருந்தைத் தோட்டத்துக்குள் நான் விடவில்லை.

கஷாயத்தை நிறுத்திவைக்க வழி தேடினேன். கண்மாயில் அள்ளிய கரம்பை வண்டலில் கரித்தூளைக் கலந்து கொடியைச் சுற்றிப் போட்டேன். மண் மருந்தை விடாமல் பிடித்துக்கொண்டது. ஐம்பது நாளாகியும் புழு அண்டவில்லை. அன்றைக்கு மாயக்காள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன், சார்.

2004 பங்குனியில் குச்சனூர் விவசாயிகள் என் தோட்டத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு ஒரு வாரம் முன்னால் ஆட்டுக்குட்டி ஒன்று பந்தலுக்குள் புகுந்து கொடிக்கு அடியில் முளைத்திருந்த கீரையை மேய்ந்தது. கொஞ்ச நேரத்தில் நுரை தள்ளி, காலை உதறிச் செத்தது. கஷாயம் ஊற்றி முப்பது நாளாகியிருந்தது. புதைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஓர் ஆட்டுக்காக நல்ல காரியம் கெட வேண்டாம் என்று பட்டது.

மாயக்காளின் தங்கை சந்தனம்மாள்தான் எனக்குச் சோறாக்கிப் போட்டாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து வயிற்றில் ஏழு மாதம். விவசாயிகள் வருவதற்கு முந்தின நாள் காலையில் பந்தலடியில் களையெடுத்தாள். களையோடு வரும் கீரை எடுத்தவளுக்குத்தான். எங்கள் பக்கத்து வழக்கம்.

"மச்சான், நர்ஸம்மா கீரை திங்கச் சொன்னாக. மருந்து ஊத்துன எடம், ஒண்ணும் செஞ்சிராதுல்ல?"

"இலைதழை மருந்து புள்ள. உங்க அக்காளக் கொன்ன மருந்தில்ல."

"நீங்க சொன்னாச் சரித்தேன்," என்று மடியை நிரப்பிக்கொண்டாள்.

பறிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். மறுநாள் வருகிறவர்களுக்கும் சொல்ல வேண்டிவரும். அப்புறம் என் மருந்துக்கும் கடை மருந்துக்கும் என்ன வித்தியாசம்?

அவள் புருஷன் வீரணன் லாரியில் கேரளாவுக்குப் போயிருந்தான். பொழுது சாய்வதற்குள் அவளுக்கு வாந்தியும் கைகால் உதறலும் வந்து, நான்தான் வேனில் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையக் காப்பாத்துங்க மச்சான்," என்றாள். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ஆட்டுக்கு ஆனது மனுஷிக்கும் ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை, சார். சத்தியமாக. அன்று மத்தியானம் எனக்கும் ஒரு கிண்ணம் கீரை கடைந்து கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. பசியில்லை, அவ்வளவுதான்.