இருபத்தாறாம் உறை

எக்ஸ்ரே படம் பார்க்கும் விளக்குப் பெட்டியை நான் ஒருபோதும் வீணாக எரியவிடுவதில்லை. கம்பாலாவில் மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

அதன்மேல் உறைகளை வைத்துப் பார்த்தீர்களா என்று விசாரணைக் குழு கேட்கிறது. பார்த்தேன். வழக்கமான மருந்துகளுக்கு மசியாத கிருமி தொற்றிய தீவிர சிகிச்சை நோயாளிகளுக்குப் பழைய மருந்து கேட்கிறதா, புதியது கேட்கிறதா என்று ஒப்பிடுவது எங்கள் ஆய்வு. யாருக்கு எது என்பதை எண் போட்டு ஒட்டிய உறைதான் சொல்ல வேண்டும். காகிதம் மெலிசு. வெளிச்சத்தில் எழுத்து தெரிந்தது.

புதிய மருந்து நல்லது என்பது முதல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. அமைச்சகத்தில் இருப்பவர்களுக்கோ நோயாளி கண்ணில் படமாட்டான், சதவீதம்தான் படும். எப்படியும் போகப்போகிறவர்களை அதன் தலையில் கட்டினால் நாட்டுக்கே அந்த மருந்து வராது. ஆகவே அவர்களைப் பழைய மருந்தின் பக்கம் தள்ளினேன். வெளிநாட்டார் கழித்துப்போட்டதையே வாங்கி வாங்கி எனக்கு அலுத்துவிட்டது.

வாஸ்வாவும் காட்டோவும் இரட்டையர். ஒரே மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் மோதி, அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். இருவருக்கும் ஒரே கிருமி. மூத்தவன் வாஸ்வாவுக்கு வரவேண்டியது இருபத்தாறாம் உறை; அதற்குள் புதிய மருந்து. அவனுக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி தேறுவான் போலிருந்தான். பழைய மருந்து இருந்த இருபத்தேழை அண்ணனுக்கென்று முதலில் பிரித்தேன்; இருபத்தாறு தம்பிக்குப் போயிற்று.

நர்ஸ் நமாஸி கவனித்துவிட்டாள். "இருபத்தாறு இருக்க இருபத்தேழு எப்படி டாக்டர் முந்துச்சு?"

"ரெண்டும் ஒட்டிக்கிட்டு வந்துருச்சும்மா."

"இத்தனை நாள் ஒட்டாத உறை, இன்னைக்கு மட்டும் ஒட்டிக்கிச்சாக்கும்" என்றாள்.

அவர்களின் தாய் என் முன்னால் மண்டியிட்டாள். இரட்டையரைப் பெற்றவளை நாங்கள் நலோங்கோ என்றுதான் அழைப்போம். "டாக்டரய்யா, ஒரே வயித்துல கெடந்த புள்ளைங்க. ஒருத்தனுக்கு ஒண்ணு, இன்னொருத்தனுக்கு வேறயா? ஒரு துணி எடுத்தாக்கூட நாங்க ரெண்டா எடுப்போம்."

"ரெண்டுமே நல்ல மருந்துதான், நலோங்கோ" என்றேன்.

மூன்றாம் நாள் ஆய்வகத் தாள் வந்தது. வாஸ்வாவின் உடம்பிலிருந்த கிருமி பழைய மருந்துக்கு அடங்காது என்று எழுதியிருந்தது. தாள் வந்ததும் மருந்தை மாற்ற வேண்டும் என்பது விதி. மாற்றிய பிறகும் அவன் போயிருந்தால், புதியதை வாங்கியும் செத்தவன் என்று ஒரு பெயர் கூடியிருக்கும். தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் அவனுக்குத் தண்ணீரை ஏற்றியது போலத்தான். அந்த இரண்டு நாளும் அவனுக்கு நினைவு இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் போனான். காட்டோ பிழைத்தான்.

பழைய மருந்தில் போனவர்களில் பதினொருவருக்கு உறையில் புதியதுதான் இருந்தது. அந்த உறைகளை மாற்றியது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். எங்கள் வழக்கத்தில் இரட்டையரில் ஒருவன் செத்தான் என்று சொல்லக்கூடாது, பறந்துவிட்டான் என்றே சொல்ல வேண்டும். நலோங்கோவும் என் எதிரில் அப்படித்தான் சொன்னாள். பெற்றவளே சாவு என்று சொல்லாததை நீங்கள் என் பெயரில் எழுதலாமா? பதினொரு சாவு என்பதைப் பத்து என்று திருத்துங்கள்.